வடிவுக்கு ஓர் இணை ஆள்

கவுஞ்சியிலிருந்து கொடைக்கானலுக்குப் போகிற சாலையில் எந்த வளைவில் புதர் அடர்ந்திருக்கிறது, எந்தப் பாறைக்குப் பின்னால் ஓர் ஆள் மறைய இடமிருக்கிறது, எந்த டீக்கடையின் பின்கதவு வெள்ளனே திறந்திருக்கும் என்பதெல்லாம் வடிவுக்கு அத்துப்படி. பஸ்ஸில் மற்றவர்கள் பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்துக்கொண்டு வருவார்கள். இவள் சாலையோரத்தையே பார்த்துக்கொண்டு வருவாள். பயணம் என்றால் முந்தின நாள் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிடுவாள். ஏறியதும் படிக்குப் பக்கத்து இருக்கையில்தான் உட்காருவாள். கூட யாரும் வருவதில்லை. வந்தாலும் பேச்சு ஓடாது. வயிறு என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டே வருகிறவளுக்கு அடுத்தவர் பேச்சு எப்படிக் காதில் விழும்?

அவள் பள்ளங்கியில் பிறந்தவள். இருபது வயதில் கவுஞ்சி இராமலிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். வந்த புதிதில் ஊர் அவளைப் பற்றிச் சொன்னது ஒன்றுதான்: பூண்டு ஊன்றுவதில் கை வேகம். ஊன்றும் காலத்தில் பெண்கள் படிக்கட்டு வயலில் வரிசையாகக் குந்தி, பின்னோக்கி நகர்ந்துகொண்டே, விதைப்பூண்டைப் பல் பல்லாக மண்ணில் அழுத்திப் போவார்கள். ஊர்ப் பெண்களுக்கு எல்லாமே அந்த வரிசைதான். யார் வீட்டில் சண்டை, யார் மகள் வயசுக்கு வந்தாள், எந்தப் பையனுக்கு எந்த ஊரில் பெண் பார்க்கிறார்கள், எல்லாம் அங்கேதான் பேசி முடியும். வடிவு அதிகம் பேசமாட்டாள். ஆனால் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவள் பக்கத்தில் உட்காரத்தான் எல்லோரும் பிரியப்படுவார்கள்.

முப்பது தாண்டின வருஷம், அறுவடை நேரத்தில், மலத்தோடு முதன்முதலாக ரத்தம் போனது.

வீட்டில் சொன்னாள். சூடு என்றார்கள். வெந்தயத்தை மோரில் ஊறப்போட்டுக் குடித்தாள். மூலமாக இருக்கும் என்றார்கள். கருணைக்கிழங்கு வேகவைத்துத் தின்றாள். பூண்டு விளைகிற ஊரில் எதற்கும் முதல் மருந்து பூண்டுதான். பச்சைப் பூண்டை மென்று விழுங்கிவிட்டு, பகல் முழுக்கச் சுருண்டு கிடந்தாள். கொல்லைக்குப் போகிற தடவையை எண்ணுவதை விட்டுவிட்டாள். தோட்டத்தில் நிற்கும்போதே அடிவயிறு முறுக்கும். முறுக்கினால் நின்று யோசிக்க நேரம் கிடையாது. ஓட வேண்டும்.

துணி துவைக்கிற இடத்தில் விஷயம் வெளியே வந்தது. பக்கத்துத் தெருக் கருப்பம்மாள், அறுபதைத் தொட்டவள், யார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் முதல் ஆளாக நிற்கிறவள், கல்லில் கிடந்த சேலையைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி இது, பெரும்பாடா?"

மாதவிலக்கு நிற்காமல் போவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். வடிவு ஒரு கணம் யோசித்தாள். ரத்தம் எங்கேயிருந்து போகிறது என்று வாயைத் திறந்து சொல்வதைவிட இது தேவலாம் என்று பட்டது.

"ஆமா பெரியம்மா."

அந்த ஒரு வார்த்தை அவளை வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. விலக்கான பெண் விதைப்பூண்டைத் தொட்டால் மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும் என்று அந்தத் தெருவில் ஒரு நம்பிக்கை. விலக்கு நிற்காத பெண் எப்போதுதான் விதையைத் தொடுவது? யாரும் அவளை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். கோயில் பக்கமும் அவள் போகவில்லை. இல்லை, நான் சொன்னது பொய் என்று திருத்தலாம். திருத்தினால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அதற்கு வாய் வரவில்லை. மற்றவர்கள் ஊன்றி முடித்துப் போன பிறகு தன் தோட்டத்தில் தனியாகக் களை வெட்டுவாள். மேல்வயலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மட்டும் கேட்காது.

இராமலிங்கம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனான். முதலில் வாரம் ஒரு முறை வந்தான். அப்புறம் அமாவாசைக்கு வந்தான். அப்புறம் பொங்கலுக்கும் சாமி கும்பிடுக்கும் என்று ஆனது. கெட்டவன் இல்லை. லாரியில் அரிசியும் பருப்பும் கொடுத்தனுப்புவான். வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் சாப்பிடுவான். தன் முகம் சுளிப்பதை அவள் பார்க்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறான் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளை இல்லை.

இரண்டு ஆஸ்பத்திரிகளில் சீதபேதிக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஓர் இடத்தில் குடலில் காசநோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு அதற்கும் மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் மதுரையில், குழாய் விட்டுப் பார்த்த பிறகு, சுகன்யா என்ற டாக்டரம்மா அவளை உட்கார வைத்துப் படம் போட்டுச் சொன்னாள். பெருங்குடலின் உள்பக்கம் முழுக்கப் புண். வெளியிலிருந்து வருகிற கிருமியை விரட்ட உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது. அந்தக் காவலே குடலை எதிரி என்று நினைத்துத் தாக்கிக்கொண்டிருக்கிறது. மாத்திரையால் அடக்கி வைக்கலாம். அடியோடு போகாது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது.

"எதுனாலங்க வந்துச்சு?" என்று வடிவு கேட்டாள்.

"அது இன்னும் முழுசாத் தெரியலம்மா. உடம்பு வாகு கொஞ்சம். சாப்பாடு, தண்ணி, சின்ன வயசுல சாப்பிட்ட மருந்து, குடல்ல வாழ்ற கிருமிங்க, இதெல்லாம் சேர்ந்து ஏதோ பண்ணுது. உலகம் பூரா தேடிட்டுத்தான் இருக்காங்க."

வடிவு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவுஞ்சியில் அவள் சொன்ன பெரும்பாட்டுக்கு எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது. கோஸுக்கு மருந்தடித்த கையோடு சாப்பிட்டது, பச்சைமிளகாய், கன்னிமாருக்கு நேர்ந்த பொங்கலை வைக்காமல் விட்டது. தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இந்த அம்மாதான். ஏனோ அதனாலேயே நம்பிக்கை வந்தது.

மாத்திரை கேட்டது. ரத்தம் நின்றது. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மதுரைக்குப் போக வேண்டும். கொடைக்கானல் வரைக்கும் புதர் தெரியும். அதற்குக் கீழே மலையிறங்குகிற வழி அவளுக்குத் தெரியாத வழி. மூன்றாவது முறை போனபோது, வத்தலக்குண்டுக்கு முன்னால் வயிறு முறுக்கியது. பஸ்ஸை நிறுத்தச் சொல்ல எழுந்தாள். கூட்டம். குரல் எழும்பவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பஸ் நிலையத்தில் கடைசி ஆள் இறங்கும்வரை இருக்கையை விட்டு எழவில்லை. அதற்கப்புறம் அவள் மதுரைக்குப் போகவில்லை. மாத்திரை தீர்ந்தது. மழைக்காலம் முடிவதற்குள் ரத்தம் திரும்ப வந்தது.

அந்த நேரத்தில்தான் டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. கொடைக்கானலுக்கே வருகிறோம், ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம், வந்து போ என்று.

போனாள். டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னாள். மலையூர்களில் இந்த நோய் ஏன் வருகிறது என்று ஓர் ஆராய்ச்சி. அதில் சேருகிறவர்களை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை இங்கேயே வந்து பார்ப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு மாத்திரையும் இங்கேயே கிடைக்கும். மதுரைக்கு இறங்க வேண்டாம். ஆனால் சேருவதற்கு ஒரு நிபந்தனை. நோயாளி ஒருத்தி என்றால் அவளுக்கு இணையாக நோயில்லாத ஒருத்தி வேண்டும். அதே ஊர், அதே தண்ணீர், ஏறக்குறைய அதே வயது, ரத்த சம்பந்தம் இருக்கக் கூடாது. இருவருடைய மலத்தையும் எடுத்துக் கிருமிகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

"அவங்க எனக்கு எதுக்குங்க?"

"உங்க வயித்துல என்ன இருக்குன்னு பார்த்தா மட்டும் பத்தாதும்மா. அதே தண்ணி குடிச்சு, அதே காய் தின்னு, நல்லா இருக்கிறவங்க வயித்துல என்ன இருக்குன்னும் தெரியணும். அப்பத்தான் எது கோளாறுன்னு சொல்ல முடியும்."

"ஆள் கெடைக்கலன்னா?"

டாக்டரம்மா பேனாவை மூடினாள். "இதுல சேர்க்க முடியாது. மதுரைக்கு வந்தா நான் பார்ப்பேன். ஆனா நீங்க வரமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். இன்னும் ரெண்டு முகாம்லதான் ஆள் சேர்ப்போம். அதுக்குள்ள கூட்டிட்டு வாங்க. இந்த ரத்தப்போக்க இப்படியே விட முடியாதும்மா."

அதுவரைக்குமான மாத்திரையும், மூடி போட்ட இரண்டு டப்பாக்களும் கொடுத்தனுப்பினாள். பஸ்ஸில் திரும்பும்போது வடிவு ஊரிலுள்ள பெண்களை ஒவ்வொருத்தியாக நினைத்துப் பார்த்தாள். வீட்டில் உப்பு தீர்ந்தால் யாரிடம் கேட்பாள், காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி கொண்டு வருவார்கள் என்று யோசித்தாள். இப்படி ஒரு பொருளைக் கேட்க யாரும் இல்லை.

ரோகிணியிடம் கேட்டாள். வரிசையில் முன்பு எப்போதும் பக்கத்தில் உட்காருகிறவள், கருப்பம்மாளின் மருமகள். ஓடைக் கரையில் கேரட் கழுவிக்கொண்டிருந்தவளிடம், தலையைக் குனிந்துகொண்டே, உண்மையெல்லாம் சொன்னாள். ரோகிணிக்குக் கண் கலங்கியது.

"இத்தன நாளா சொல்லாம இருந்துட்டியே. தர்றேன், அதுல என்ன? தூரப் போடுறதுதானே."

அன்றைக்கு வடிவு வீட்டுக்குப் போய்ச் சூடாக ரசம் வைத்துச் சாப்பிட்டாள். மறுநாள் காலையில் கருப்பம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"ஏண்டி, வெட்டுன நகத்தக்கூட அடுப்புல போட்டுட்டு எந்திரிக்கிறவ நான். வாருன தலமுடிய எச்சித் துப்பாம வெளிய எறியமாட்டேன். காலடி மண்ண ஒருத்தி எடுத்துட்டான்னு எங்க வீட்டுல என்னென்ன நடந்துச்சுன்னு ஊருக்குத் தெரியும். நீ என்னடான்னா எம் மருமக பீயக் கேக்குறியா?"

"செய்வினைக்கு இல்ல பெரியம்மா. ஆஸ்பத்திரிக்கு."

"ஆஸ்பத்திரியில அந்த டாக்டரம்மா தன்னோடத வச்சுப் பாக்க வேண்டியதுதானே. உன் சீக்க அவ மேல எறக்கி வைக்கப் பாக்குற. பெரும்பாடுன்னு பொய் சொன்னவதானே நீ. இன்னும் என்னத்த மறச்சு வச்சிருக்கியோ."

தெருவே கேட்டது. அவ்வளவு வருஷம் மூடி வைத்திருந்தது ஒரே மூச்சில் வெளியே வந்தது. பெரும்பாடு இல்லை என்று தெரிந்துவிட்டதே, இனி விதையைத் தொடலாமே என்று வடிவுக்கு ஒரு நினைப்பு வந்தது. அது நடக்கவில்லை. அவள் குழாயடிக்குப் போனால் பெண்கள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். ரோகிணி எதிரே வந்தால் முந்தானையால் எதையோ துடைப்பதுபோலக் குனிந்துகொண்டு போனாள். ஒட்டாத நோய் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. கேட்பதற்கு ஆள் நின்றால்தானே சொல்ல முடியும்.

பக்கத்துத் தோட்டம் நல்லுசாமியுடையது. ஓடையிலிருந்து வருகிற தண்ணீர்க் குழாயை யார் முதலில் திருப்புவது என்று அவனுக்கும் இராமலிங்கத்துக்கும் கைகலப்பாகி, இரண்டு வீடும் பேச்சை விட்டு வருஷக்கணக்காகிறது. நல்லுசாமியின் மனைவி சிவபாக்கியம் அய்யம்பாளையத்துக்காரி. கீழ்நாட்டிலிருந்து வந்தவள், வாய் நீளம். கருப்பம்மாளோடும் அவளுக்கு ஆகாது. ஒருநாள் சாயங்காலம் வரப்பு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"ஏய், ஒன்னத்தான்."

வடிவு நிமிர்ந்தாள். தன்னைத்தான் கூப்பிடுகிறாளா என்று பின்னால் வேறு திரும்பிப் பார்த்தாள்.

"அந்தக் கெழவி வேணாம்னுட்டாளாமே. என்ன செய்வினை வச்சிருவாகன்னு பயமா? அவ வீட்டுப் பீக்கு அம்புட்டு மதிப்பா?"

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நான் தர்றேன். என்னிக்கிக் குடுக்கணும்?"

"அக்கா, நெசமாவா?"

"பொய்யாவா வந்து நிக்கிறேன்? ஒனக்காகன்னு நெனச்சுக்காத. தண்ணிச் சண்ட தண்ணிச் சண்டதான். அந்தக் கருப்பம்மா மொகத்துல கரி பூசணும், அம்புட்டுத்தான். டப்பாவக் குடு."

வடிவு வீட்டுக்கு ஓடிப்போய் டப்பாவை எடுத்து வந்தாள். முகாம் அன்றைக்குக் காலையில் எடுத்தால் போதும், மூடியை இறுக்க மூடினால் போதும் என்று சொன்னாள். எப்படி இருக்க வேண்டும் என்று சிவபாக்கியம் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று வடிவுக்கும் தோன்றவில்லை.

முகாம் நாளன்று கிளாவரையிலிருந்து வருகிற முதல் பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். சிவபாக்கியம் குளித்து, தலையில் பூ வைத்து, பட்டு பார்டர் வைத்த சேலை கட்டியிருந்தாள். டப்பாவை மஞ்சள் துணிப்பையில் போட்டு வாயைச் சுருக்கிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். முன்னால் தள்ளி ஓர் இருக்கையில் உட்கார்ந்தாள். வடிவு வழக்கம்போலப் படிக்குப் பக்கத்தில்.

மன்னவனூர் தாண்டியதும் சிவபாக்கியம் நெளிய ஆரம்பித்தாள். வடிவுக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஆனால் அந்த முதுகை அவளுக்குத் தெரியும். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போவதும், தோள் ஏறுவதும், மூச்சை வாங்கி நிறுத்திக்கொள்வதும் எல்லாம் வடிவுக்கே நடப்பவைதான். கொஞ்ச நேரத்தில் சிவபாக்கியம் திரும்பினாள். நெற்றியெல்லாம் வேர்வை. வாய் நீளமானவளுக்கு வாய் திறக்கவில்லை.

வடிவு எழுந்து கண்டக்டரின் தோளைத் தொட்டாள். அவன் அவளைப் பல தடவை பார்த்தவன்.

"அண்ணே, அந்தப் பெரிய வளைவு தாண்டி பாறை ஒண்ணு வரும். கொஞ்சம் நிறுத்துங்க."

"ஏம்மா, ஒனக்கு இதே சோலியாப் போச்சு. வண்டி நேரத்துக்குப் போக வேணாமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். "எனக்குத்தாண்ணே. நிறுத்துங்க" என்று வடிவு கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். பஸ் நின்றது. சிவபாக்கியத்தின் கையைப் பிடித்து, துணைக்கு வருகிறவளைப்போல இழுத்துக்கொண்டு இறங்கினாள். பாறைக்குப் பின்னால் அவளை விட்டுவிட்டு, பஸ்ஸுக்கும் பாறைக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இடுப்பிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினாள். பைன் மரங்களுக்குள்ளிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தான்.

"வெரசா வாங்கம்மா."

"இருங்க" என்றாள் வடிவு. தனக்காகப் பஸ் நின்றபோதெல்லாம் ஹாரன் சத்தத்துக்குப் பாதியில் எழுந்து ஓடியவள்.

சிவபாக்கியம் வெளியே வந்தபோது முகம் செத்துப்போய் இருந்தது.

"என்னக்கா, ராத்திரி என்னத்தச் சாப்பிட்ட?"

"ஒண்ணும் சாப்பிடல. ரெண்டு நாளா பாலும் பழமும்தான். நேத்து வெளக்கெண்ண குடிச்சேன்."

வடிவு அப்படியே நின்றாள். "எதுக்கு?"

"எதுக்கா? மதுரையிலருந்து டாக்டரம்மா பாக்கப் போறாக. அவுக முன்னாடி வச்சா நாறலாமா? எங்க வீட்டுல பழனிக்கு மால போடுறதுக்கு முன்னாடியே வயித்தக் கழுவிட்டுத்தான் போடுவோம். காலையில எப்படி இருந்துச்சு தெரியுமா, தண்ணி கணக்கா. சுத்தம்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். அப்புறம் மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

கொடைக்கானல் போவதற்குள் இன்னும் இரண்டு இடங்களில் பஸ் நின்றது. இரண்டு முறையும் வடிவுதான் கண்டக்டரிடம் கேட்டாள். இரண்டு முறையும் அவளுக்குத்தான் என்று பஸ் நினைத்துக்கொண்டது.

மண்டபத்தில் டாக்டரம்மா டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். சிவபாக்கியம் அதே பெருமையோடு சொன்னாள். பக்கத்திலிருந்த நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"உங்க மேல தப்பில்லம்மா. நான்தான் தெளிவாச் சொல்லி அனுப்பியிருக்கணும். ஆனா இத எடுத்துக்க முடியாது. நாங்க தேடுறதே அந்த அழுக்குலதான் இருக்கு. எல்லாத்தையும் கழுவி விட்டுட்டீங்க."

"அப்ப நாளைக்குத் தரவா?"

"பேதி மருந்து குடிச்சா எட்டு வாரம் கழிச்சுத்தான் எடுக்கணும். அடுத்த முகாமுக்கு வாங்க. அதுதான் கடைசி." சிவபாக்கியத்திடம் சம்மதக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, வடிவிடம் புது டப்பாக்கள் கொடுத்தாள். "வழக்கமாச் சாப்பிடுறதச் சாப்பிடுங்க. எதையும் சுத்தம் பண்ணாதீங்க."

திரும்பும் பஸ்ஸில் சிவபாக்கியம் தலையிலிருந்த பூவை எடுத்துச் சன்னல் வழியே போட்டாள். கவுஞ்சியில் இறங்கும்போது, "ஒனக்கு தெனமுமா இப்படி?" என்று கேட்டாள்.

"மாத்திர இல்லன்னா தெனமுந்தான்."

அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

அடுத்த நாள் விஷயம் ஊருக்குத் தெரிந்துபோனது. விளக்கெண்ணெய் குடித்துப் பட்டுக்கரைச் சேலையோடு பாறை பாறையாக இறங்கி ஏறிய கதை. பஸ்ஸில் வந்த யாரோ மண்டபத்திலும் இருந்து கேட்டிருக்க வேண்டும். கருப்பம்மாள் குழாயடியில் நடித்துக் காட்டினாளாம். நல்லுசாமி வீட்டில் அன்றைக்குப் பெரிய சத்தம். "ஊரே சிரிக்குது, ஒனக்கு இது தேவையா?" என்று அவன் கத்தியது வடிவின் தோட்டம் வரைக்கும் கேட்டது. சிவபாக்கியத்தின் பதில் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சிவபாக்கியம் வேலிப்பக்கம் வரவில்லை. வடிவு தினமும் பார்த்தாள். அந்தத் தோட்டத்தில் அவள் குனிந்து பூண்டுக்குக் களை எடுப்பாள், நிமிர்வாள், தண்ணீர் திருப்புவாள். பார்வை இந்தப் பக்கம் திரும்பாது. கூப்பிட்டுக் கேட்டுவிடலாமா என்று எத்தனையோ தடவை வடிவு வேலி வரைக்கும் போனாள். புது டப்பாக்களில் ஒன்றைத் தாளில் சுற்றிக் கையிலேயே வைத்திருந்தாள். ஏற்கெனவே தன்னால் ஊர்ச் சிரிப்புக்கு ஆளான ஒருத்தியிடம் மறுபடியும் என்னவென்று கேட்பது? கடைசியில் ஒருநாள், அவர்கள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, டப்பாவை அவர்கள் மோட்டார் அறை வாசலில், கல்லுக்கு மேல் வைத்துவிட்டு வந்தாள். முகாம் என்றைக்கு என்று தாளில் எழுதியிருந்தாள். மறுநாள் பார்த்தபோது டப்பா அங்கே இல்லை. எடுத்தது யார், எடுத்து என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. நல்லுசாமி தூக்கி ஓடையில் எறிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

மாத்திரை குறைந்துகொண்டே வந்தது. சேர்க்காவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தாள். மதுரைக்கு இறங்குவதை நினைத்தாலே அந்த வத்தலக்குண்டு பஸ் நிலையமும், காலியான இருக்கைகளும், தான் எழாமல் உட்கார்ந்திருந்ததும் கண்ணில் வந்தன. ஒன்று அதை இன்னொரு தடவை தாங்க வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே கிடந்து வற்றிப் போக வேண்டும். மூன்றாவது வழி வேலிக்கு அந்தப் பக்கம் களையெடுத்துக்கொண்டிருந்தது.

கடைசி முகாமின் காலையில் வடிவு தன்னுடைய டப்பாவை மட்டும் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். போய் என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை. அறுவடை தொடங்கியிருந்தது. பெண்கள் கூட்டமாகத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களோடு சிவபாக்கியமும் போனாள், தலையில் கூடை. அன்றைக்கு அவர்கள் தோட்டத்தில்தான் பூண்டு பிடுங்குகிறார்கள். ஆள் விட்டிருக்கும்போது வீட்டுக்காரி வயலை விட்டு எங்கும் போக முடியாது. வடிவு அவளைப் பார்த்தாள். அவள் பார்க்கவில்லை. கூட்டம் மேட்டில் ஏறி மறைந்தது.

பஸ்ஸின் சத்தம் கேட்டபோது நல்லுசாமி வந்தான். இடுப்பில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், ரோட்டைக் கடந்து வந்து, அவள் உட்கார்ந்திருந்த சிமெண்டுப் பெஞ்சின் மறுமுனையில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எண்ணெயும் குடிக்கல, ஒண்ணும் குடிக்கல. நேத்து ராத்திரி எப்பவும்போலக் கம்பஞ்சோறும் கத்திரிக்கா கொழம்பும்தான் தின்னா. சொல்லச் சொன்னா."

அவ்வளவுதான். திரும்பி நடந்தான். வடிவு எழுந்து நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. பேச்சை விட்டவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது? அதற்குள் பஸ் இருவருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டது.

இரண்டு டப்பாக்களையும் ஒரே பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். பாறை வந்தது, போனது. வயிறு அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மண்டபத்தில் டாக்டரம்மா டப்பாவைத் திறந்து பார்த்துத் தலையை ஆட்டினாள். இரண்டிலும் எண் எழுதிய சீட்டை ஒட்டினாள். பெயர் இல்லை, எண் மட்டும். ஐஸ் நிரம்பிய பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மூடினாள்.

"சேர்த்தாச்சும்மா. இனிமே நான்தான் மேல வருவேன். நீங்க கீழ எறங்க வேணாம்."

வடிவு மூடிய பெட்டியைப் பார்த்தாள். "எதுனாலன்னு இதுல தெரிஞ்சிருமாங்க?" என்று கேட்டாள்.

"இது ஒண்ணுல தெரியாது. நூத்துக்கணக்குல சேரணும். வருஷங்கள் ஆகும். ஒருவேள உங்களுக்குப் பிரயோஜனப்படாமலே போகலாம். பின்னாடி வர்ற யாருக்கோ உதவும்." டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அவங்க ஏன் வரல? ஒடம்புக்கு ஏதும் இல்லையே?"

"அறுவடைங்க."

"உங்களுக்கு நெருங்கின சிநேகிதமோ?"

வடிவு யோசித்தாள். "இல்லைங்க. பக்கத்துத் தோட்டம்" என்றாள்.

கவுஞ்சிக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. சிவபாக்கியத்தின் தோட்டத்தில் பெண்கள் இன்னும் வரிசையாகக் குந்திப் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கிய பூண்டின் வாடை வழியெல்லாம் அடித்தது. ரோகிணி இருந்தாள். கருப்பம்மாள் ஆகாதவள் என்றாலும் ஆள் பஞ்சத்தில் அவளும் வந்திருந்தாள். வடிவு வேலியோரம் நின்றாள். பேச்சு நின்றது. ஒவ்வொரு தலையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தது. சிவபாக்கியத்தின் தலை மட்டும் நிமிரவில்லை.

"சேத்துட்டாகக்கா" என்றாள் வடிவு.

சிவபாக்கியம் ஒரு கொத்துப் பூண்டைப் பிடுங்கி, மண்ணை உதறி, பக்கத்தில் போட்டாள். அடுத்ததில் கையை வைத்தாள்.

"சரி, போ" என்றாள்.

கருப்பம்மாள் ஏதோ முணுமுணுத்தாள். யாரோ அடக்கிச் சிரித்தார்கள். சிவபாக்கியம் வேகமாகப் பிடுங்கிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். வடிவு இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவளை யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை. அவளோடு பேசியதும், போகச் சொன்னதும் ஒருத்திதான்.

அவள் வீட்டுக்குப் போய், கதவைத் திறந்து, புது மாத்திரைகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். அடுப்பைப் பற்றவைத்து ஒருத்திக்கு மட்டும் உலை வைத்தாள்.